விளக்கு அணைந்த பிறகும் வாசித்தவள்

அநியாயம் நடந்தது ஹெப்சிபாவுக்கு. செய்தது உள்ளூர் வானொலி நிலையம். அவள் கீபோர்டு வாசித்துக்கொண்டிருக்கும்போதே, நிகழ்ச்சி முடிந்துவிட்டதென்று நேயர்களுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவளோடு சேர்த்துப் பாளையங்கோட்டைக் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் நடத்தும் ராக் குழு அவளுடையது. பெயர் ‘ஏழரை’. அவர்களுடைய பாட்டு ஒன்று கால் மணி நேரம் ஓடும். தாளம் பாதியில் மாறும், பிடிக்காவிட்டால் மறுபடியும் மாறும். நடுவில் எல்லா வாத்தியங்களும் நின்று நீளமாக ஒரு மௌனம் வரும். அதற்குப் பிறகு ஹெப்சிபாவின் கீபோர்டு மட்டும். பாட்டைக் கட்டியவளே அவள்தான்.

முதல் வானொலி வாய்ப்பு. நேரலையாகப் போகும், கூடவே டேப்பிலும் பதிவாகும்.

வானொலிக்காரர்களுக்கு மௌனம் என்றாலே கோளாறு. வாத்தியங்கள் நின்றதும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அறிவிப்பாளர் பாட்டு முடிந்ததென்று நினைத்து, நன்றி சொல்லிக் கூந்தல் தைல விளம்பரத்தைப் போட்டுவிட்டார். டேப்பையும் நிறுத்திவிட்டார். ஹெப்சிபா கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை வாசித்தாள். ஒலிபரப்பு நடப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணைந்ததை மற்ற மூவரும் பார்த்தார்கள். அவளை நிறுத்த யாருக்கும் மனசு வரவில்லை.

வீட்டுக்குப் போனால் அப்பா கேட்டார்: “ரேடியோல உன்னைக் காணவே இல்லையே தாயி?”

இப்போது நிலையம் மறுபடியும் கூப்பிட்டிருக்கிறது. “அந்த மௌனத்தைத் தூக்கிருவோம், வம்பே வேண்டாம்” என்கிறார்கள் மூவரும். இது அநியாயத்துக்கு மேல் அநியாயம் இல்லையா?

நிலையத்தில் கொடுத்த டேப்பை எடுத்துக்கொண்டு லாசரஸ் அண்ணனிடம் போனாள். நால்வருக்கும் வாத்தியம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவர்.

“இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன் அண்ணே. மன்னிப்புக் கேக்கட்டும். எழுதியே தரட்டும்.”

“தரட்டும்” என்று பன்னைத் தேநீரில் நனைத்தார்.

“நீங்க என் பக்கமா, அவங்க பக்கமா?”

“இப்போதைக்கு பன் பக்கம். டேப்பைப் போடு.”

போட்டாள். கிட்டாரும் டிரம்ஸும் முட்டி மோதி ஓடி வந்து சட்டென்று நின்றன. மௌனம். அதோடு டேப் முடிந்தது.

“நின்ன இடத்துல இருந்து மறுபடி போடு. சத்தத்தைக் கூட்டி வை.”

மௌனத்துக்குள் மெலிதாகக் கிறீச்சென்று ஏதோ கேட்டது.

“அது என்னது?”

“எது?”

அவரே ஓட்டிப் போட்டார். கிறீச்.

“ஸ்டூல்” என்றாள். “நான்தான் இழுத்துப் போட்டேன்.”

“எதுக்கு?”

“அடுத்தது என் இடம்லா? சரியா உக்காரணும்லா?”

“அதுவரைக்கும் யாரு இடம்?”

“யாரு இடமும் இல்ல. சும்மா மௌனம்.”

லாசரஸ் அண்ணன் மிச்ச பன்னை வாயில் போட்டுக்கொண்டார். அவள் விடவில்லை.

“ஒரு ஸ்டூல் சத்தத்துக்குப் பாட்டையே வெட்டலாமா? எந்த ஊரு நியாயம் இது? அந்த ஆளு கண்ணாடி வழியா எங்களைப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தாரு? முடிஞ்சிட்டான்னு ஒரு கையசைச்சுக் கேட்டா குறைஞ்சா போயிருவாரு?”

“குறைய மாட்டாரு. அவரு செஞ்சது தப்புதான். நாளைக்கு நானும் வாரேன். அந்த ஆளை நாலு கேள்வி கேப்போம்.”

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. அடுத்த வாதத்தைத் தயாராக வைத்திருந்தாள். அது வீணாகிப்போனது.

“மௌனத்தை எடுக்கக் கூடாதுன்னு அவனுக மூணு பேருட்டயும் சொல்லுவீங்களா?”

“கண்டிப்பாச் சொல்லுதேன்.”

“எல்லாத்துக்கும் சரிங்கீங்க. பிறகு எதுக்கு அந்த ஸ்டூலைத் திரும்பத் திரும்பக் கேக்க வச்சீங்க?”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“அந்த ஆளுக்கு முன்னாலயே மௌனத்தை வெட்டுன ஒருத்தி இந்த டேப்புல இருக்கா ஏட்டி. அவளையும் நாலு கேள்வி கேக்கணும்லா.”