சுரண்டிய பெயர்

புது பிராசஸரின் முதுகில் இருந்த பெயரைத் தணிகாசலம் ஊசியால் சுரண்டிக்கொண்டிருந்தான். போலி என்றால் மேலே உள்ள பெயர் உரிந்து, அடியில் வேறு பெயர் தெரியுமாம். எங்கேயோ கேட்டுவைத்திருக்கிறான்.

பெயர் போயிற்று. அடியில் ஒன்றும் இல்லை.

"பார்த்தீங்களா, எவ்வளவு நேக்கா பண்ணியிருக்கான்!" என்றான். இல்லாததையும் சாட்சிக்கு இழுக்கிற ஆள்.

எங்கள் ஆசிரமத்துக் கம்ப்யூட்டருக்கு அவன்தான் பொறுப்பு. சுவாமியின் மூத்த சீடன். சுவாமியின் பேச்சுகளை வீடியோவாக்கி அனுப்ப அந்தப் பழைய இயந்திரம் மூச்சுத் திணறியது. அதற்கு மூளையாக வேகமான பிராசஸர் ஒன்றை டவுனிலிருந்து வாங்கி வந்தவன் பரஞ்சோதி. புதுச் சீடன். முன்பு கம்ப்யூட்டர் கடையில் இருந்தவன். சந்தேகப்பட அது போதாதா?

பழைய பிராசஸரைக் கழற்றிவிட்டுப் புதுசைத் தணிகாசலமே மாட்டினான். மதர்போர்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. விசிறி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது.

"நல்லதை வித்துட்டு, செத்ததைக் கொண்டாந்து கொடுத்திருக்கான்" என்று மத்தியானப் பந்தியிலேயே எல்லோர் காதிலும் விழச் சொன்னான். அவ்வளவுதான். ஒருவருக்கு டார்ச் லைட்டைக் காணோம். இன்னொருவருக்குச் சால்வையைக் காணோம். பரஞ்சோதிக்குப் பக்கத்து இலைக்காரர் இலையை நகர்த்திக்கொண்டு போய்விட்டார். பாவம், அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்தான்.

பையைத் தூக்கிக்கொண்டு சுவாமியிடம் வந்து நின்றான். தணிகாசலமும் பின்னாலேயே வந்தான், பையில் என்ன இருக்கிறது என்று பார்க்க.

"சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பறேன் சுவாமி" என்றான் பரஞ்சோதி.

"அது ஏன் ஓடலை?" என்று கேட்டார் சுவாமி.

"அந்த போர்டு செஞ்சப்ப இந்த பிராசஸரே வரலை சுவாமி. போர்டுக்கு இதைத் தெரியாது. பழசைத் திரும்ப மாட்டி, போர்டுக்குள்ள பயாஸ்னு ஒரு புரோகிராம் இருக்கு, அதைப் புதுப்பிக்கணும். அப்பறம் தெரிஞ்சுக்கும். தணிகாசலம் அண்ணன்கிட்ட வாங்கிட்டு வந்த அன்னைக்கே சொன்னேன்."

"புதுப்பிக்கறப்ப கரண்ட் போச்சுன்னா போர்டே செத்துடும்!" என்று தணிகாசலம் கத்தினான். "மிச்சத்தையும் தீர்த்துக்கட்டப் பாக்கறான் சுவாமி!"

"அப்ப அவன் கை படவேண்டாம். நீயே செய்."

பரஞ்சோதி கும்பிட்டுவிட்டு வாசலுக்குப் போனான். சுவாமி தடுக்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபமாகக்கூட வந்தது.

தணிகாசலம் போர்டு செய்தவர்களின் இணையப் பக்கத்தைத் தன் போனில் திறந்தான். பரஞ்சோதி சொன்னதே அங்கும் இருந்தது. அதையும் நம்பவில்லை, திரும்பத் திரும்பப் படித்தான். பீரோவில் பூட்டிவைத்திருந்த பழைய பிராசஸரை எடுத்து மாட்டினான். திரை எரிந்தது. பென்டிரைவைச் செருகிப் புதுப்பித்தான். அது முடியும்வரை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான், கரண்ட் போய்விடுமோ என்று. போகவில்லை.

பிறகு, சுரண்டியதை மாட்டினான்.

திரை பளிச்சென்று வந்தது. அதில் பிராசஸரின் பெயரும் வந்தது. இவன் ஊசியால் அழித்த அதே பெயர்.

சுவாமி எட்டிப் பார்த்தார்.

தணிகாசலம் மெதுவாகக் கேட்டான்: "அவன் யோக்கியன்னு உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா சுவாமி?"

"தெரியாது."

"பின்ன ஏன் அவனை வெளியே போன்னு சொல்லலை?"

"நீ வந்தன்னைக்கு உன்னை மட்டும் தெரியுமா?"

தணிகாசலம் தலையைச் சொறிந்தான். சங்கடத்தை மறைக்கச் சிரித்தான். "எப்படியோ ஓடுது சுவாமி. மேல இருந்த பேரு போனா என்ன, திரையில வந்துடுச்சே."

வாசலில் பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"அதோட பேரு திரையில வந்துடுச்சு" என்றார் சுவாமி. "பந்தியில ஒருத்தன் பேரைச் சுரண்டினியே, அது எங்க வரும்?"