துண்டு முனை

நாச்சிமுத்துவுக்கு அறுபத்தொரு வயது. அவருக்குப் பாடம் சொன்னவருக்கு முப்பத்து நான்கு. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற நாச்சிமுத்து, சும்மா உட்காரப் பிடிக்காமல் கால்நடை மருத்துவர் சபூராவின் பின்னால் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று வருடமாகத் திரிந்தார். இந்த வயதில் மாட்டு வைத்தியம் படிக்கிறாராம் என்று ஊர் கேலி பேசியது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த மாசி மாதம் கேலி நின்றுபோனது. ஊருக்குள் கோமாரி வந்துவிட்டது.

மாடுகள் வாயெல்லாம் கொப்புளம் வெடித்து, எச்சில் ஒழுக, தீவனத்தைப் பார்த்துக்கொண்டே பட்டினி கிடந்தன. பெரிய மாடுகள் பாடுபட்டுத் தேறின. கன்றுகளின் கதை வேறு. ராசப்பன் வீட்டுக் கன்று காலையில் துள்ளிக்கொண்டிருந்தது, மதியம் நின்ற இடத்திலேயே விழுந்து செத்தது. வாயில் ஒரு கொப்புளம்கூட இல்லை. நோய் இதயத்துக்குப் போய்விட்டது என்றார் சபூரா.

நாச்சிமுத்துவிடம் ஒரே ஒரு கன்று இருந்தது. செவலை, இரண்டு மாதம். ஈன்ற அன்றே தாய் செத்துப்போனதால் அவரே பால் புகட்டி வளர்த்தது. தடுப்பூசி போடும் வயது அதற்கு இன்னும் வரவில்லை.

பயத்தில் அவர் செய்யாதது இல்லை. தோட்டத்தைச் சுற்றி முள்வேலியை அடைத்தார். வாசல் படலுக்கு முன்னால் சுண்ணாம்புத் தூளைக் கொட்டினார். மனைவி பாவாத்தாளை வெளியே அனுப்பவில்லை. மைத்துனரையே வாசலோடு திருப்பி அனுப்பினார். நோய் மாட்டைத் தொட்டால் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தார்.

அன்று ராசப்பன் வீட்டு மாடுகளைப் பார்த்துவிட்டு இருவரும் நாச்சிமுத்துவின் தோட்டம் வரை வந்தார்கள். சபூரா படலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்; நாச்சிமுத்துவும் அவரோடு நின்றார்.

"ஒண்ணு கேக்கோணுங்க, டாக்டரம்மா."

"கேளுங்க சார்."

"அந்தக் கிருமிக்குக் கையுமில்லை, காலுமில்லை. அது எப்படிங்க மாட்டு உடம்புக்குள்ள பூந்துக்குது?"

"அது மேல ஒரு சின்ன வளையம் துருத்திக்கிட்டு இருக்கு. அதை வெச்சு உடம்புல இருக்கிற செல்லோட ஒட்டிக்குது."

"தட்டி உட்டற வேண்டீதுதானுங்களே இந்தச் செல்லு? ஏன் ஒட்ட உடுது?"

சபூரா உள்ளே கட்டுத்தரையில் கட்டாமல் நின்ற கன்றைப் பார்த்தார்.

"இதுக்கு எப்படிப் பால் குடிக்கப் பழக்கினீங்க?"

பல நாளைக்குப் பிறகு நாச்சிமுத்துவின் முகம் தெளிந்தது. "புட்டியைத் தொடவே இல்லீங்க. ஒரு நாள் பூராப் பட்டினி. அப்பறம் என்னோட துண்டு முனையைத் திரிச்சு, பால்ல நனைச்சு வாய்கிட்டக் கொண்டுபோனேன். லபக்குன்னு புடிச்சுக்கிச்சு."

"துண்டுன்னு அதுக்குத் தெரியலையா?"

"எங்கீங்க தெரியும்? காம்பாட்டம் இருந்துச்சு, புடிச்சுக்கிச்சு. பாவம், பொறந்ததுல இருந்து அதையத்தான தேடிட்டு இருந்துச்சு."

"செல்லும் அப்படித்தான் சார். பக்கத்துல இருக்கிறதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அது உயிர் வாழுது. அது தேடிப் பிடிக்கிற இடம் எப்படி இருக்குமோ, அந்த வளையமும் அப்படியே இருக்கு."

"அப்ப, கிருமி மட்டும் புடிக்கறதில்லீங்களா?"

"இல்லை சார். செல்லும்தான் பிடிக்குது."

நாச்சிமுத்துவின் குரல் கேட்டுக் கன்று ஓடிவந்தது. படல் இடுக்கில் தலையை நுழைத்து, அவர் தோளில் கிடந்த துண்டுக்கு நாக்கை நீட்டியது. பழக்கத்தில் நாச்சிமுத்து குனிந்தார்.

சபூரா துண்டை வெடுக்கென்று இழுத்தார்.

"இதுல என்ன ஈரம்?"

நாச்சிமுத்து பார்த்தார். ராசப்பன் வீட்டு மாட்டுக்கு வாய் கழுவிவிட்டபோது ஒழுகிய எச்சிலை அந்தத் துண்டால்தான் துடைத்தார். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். கழுவிய கையையும் அதே துண்டில்தான் துடைத்தார்.

அவர் படலை விட்டுப் பின்னால் நகர்ந்தார்.

"நேத்தும் இதுலதான் தொடச்சேனுங்க... சாயங்காலம் இதையச் சப்புச்சுங்க."

சபூரா கன்றின் வாயையே பார்த்தார். அவர் திட்டியிருந்தால்கூட நாச்சிமுத்துவுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

"ஏதாச்சும் சொல்லுங்க, டாக்டரம்மா."

"துண்டை எரிச்சிருங்க. இன்னையிலிருந்து பதினாலு நாளைக்கு நீங்க வேலிக்கு வெளியே கிணத்து மோட்டார் ரூம்ல இருங்க. கன்னுக்குட்டியை உங்க வீட்டம்மா பார்த்துக்கட்டும். நீங்க கிட்ட வரவே கூடாது."

"என்னையக் காணாம கத்துமுங்களே. தொண்டை கிழியக் கத்துமுங்க."

"கத்தட்டும் சார். கத்துற வரைக்கும் உயிரோட இருக்குன்னு தெரிஞ்சுக்கலாம்."

நாச்சிமுத்து மோட்டார் ரூமைப் பார்த்து நடந்தார். வேலிக்குள்ளிருந்து கன்று கத்தியது. பதில் குரல் கொடுக்க வாயெடுத்தவர் மூடிக்கொண்டார்.

கொஞ்ச தூரம் போனதும் கத்தல் நின்றது. அவரும் நின்றார். அது மறுபடி கத்தும் வரை ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.