மீட்டர் காட்டிய பாதி டேங்க்

ரத்தினகுமார் முதலாளியின் உல்லாசப் படகை ஓட்டிய மிக்கேல் கடலில் செத்துப்போனான். படகு மட்டும் ஆளில்லாமல் கரை ஒதுங்கியது.

"பெட்ரோல் மீட்டர் கெட்டுப்போச்சுன்னு அண்ணன் எத்தனை தடவை உங்ககிட்ட சொன்னான்! பெட்ரோல் தீர்ந்துதான் அலையில மாட்டியிருக்கான்," என்றாள் அவன் தங்கச்சி ஜெசிந்தா.

"பாரு, பாதி டேங்க் காட்டுது. குடிச்சிட்டு விழுந்திருக்கான்," என்றார் முதலாளி. விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரும் அப்படியே எழுதப் போனார்.

"சரி முதலாளி, மீட்டரை நம்புறேன். அண்ணன் போன இடத்துல மாலை போடணும். இதே படகுல, இருக்கிற பெட்ரோல்லயே நீங்க ஓட்டிட்டு வாங்க."

ஜெசிந்தா ஏறி உட்கார்ந்தாள். முதலாளி ஏறவே இல்லை.

"வேற படகு எடுக்கலாம்மா."

இன்ஸ்பெக்டர் டேங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டார். காய்ஞ்சே வந்தது. மீட்டர் அப்பவும் பாதியில்தான் நின்றது.