வண்டு வராத பந்தல்

பிஜித் தீவில், கரும்புத் தோட்டங்களை ஒட்டி ஞானாம்பாள் அம்மையாரின் மடம் இருந்தது. கரும்பு லாரி ஓட்டி ஓய்ந்த மருதப்பன் அவருடைய சீடர். குருவைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் வாய் நிறைய 'அம்மா' என்பார்.

ஒரு நாள் மத்தியானம் வந்து தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா, பையன் தணிகை எங்கிட்ட பேசறதில்லை."

"சண்டையா?"

"அதெல்லாம் இல்லை. அவன் அம்மா பவளம் இருந்தவரைக்கும் அவன் அவகிட்ட சொல்வான், அவ எங்கிட்ட சொல்வா. நான் சொல்றதும் அவ வழியாத்தான் போகும். அவ போய்ச் சேர்ந்துட்டா. வெள்ளிக்கிழமை இவன் நியூசிலாந்து போறான். இப்படியே போயிட்டா அவ்வளவுதான்."

"நீங்க பேச வேண்டியதுதானே? வாயில கொழுக்கட்டையா?"

"அவன் மனசு திறக்கணும்னு தினமும் வேண்டிக்கிறேன்."

குரு எழுந்து தோட்டத்துக்கு நடந்தார். அங்கே ஒரே பந்தலில் இரண்டு பேஷன் ஃப்ரூட் கொடிகள். பந்தல் கொள்ளாத பூ, பேருக்கு ஒரு காய் இல்லை. அதைப் பார்த்துக்கொள்வது மருதப்பனின் வேலை. எரு போட்டுப் போட்டு மடத்து எரு தீர்ந்ததுதான் மிச்சம்.

"இது எந்த ஊர்க் கொடி?"

"தென் அமெரிக்காவாம். கப்பல்ல வந்ததுன்னு சொல்வாங்க."

"அங்கே பூவுக்குப் பூ மகரந்தம் சுமக்க ஒரு கருவண்டு உண்டு. அது கப்பல் ஏறலை."

குரு ஒரு கொடியின் பூவில் விரலை வைத்தார். ஒட்டிய மஞ்சள் தூளை மற்றக் கொடியின் பூவில் தடவினார்.

"இந்தப் பூ எதுவரைக்கும் விரிஞ்சிருக்கும்?"

"ராத்திரி மூடிடும்."

மருதப்பன் கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்தார். பிறகு செருப்பைக்கூடத் தேடாமல் வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை விமானத்தில் பையனை ஏற்றிவிட்டு, சாயங்காலம் மடத்துக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"பேசிட்டேம்மா. அன்னைக்கு என்ன பேசறதுன்னே தெரியலை. 'ஸ்வெட்டர் வாங்கினியா'ன்னு கேட்டேன். 'இல்லப்பா, வாங்க, சேர்ந்து போய் வாங்கலாம்'னான். அவ்வளவுதான், ரெண்டு பேரும் அழுதுட்டோம். இன்னைக்கு வழி நெடுக வாய் ஓயலை."

"நல்லது."

"இந்நேரம் இறங்கியிருப்பான். அவன் போன் பண்ணுவான்னு காத்துக்கிட்டிருக்கேன்."

"ஏன், அவன் நம்பர் உங்ககிட்ட இல்லையா?" என்றார் குரு.