முப்பாட்டன் இழுத்த கால்

கள்ளிக்காட்டுக் கீரிகளுக்கு ஒரு சண்டைக்களம் இருந்தது. பாம்புப் புற்றுக்கு நேர் எதிரே, பாறைகளுக்கு நடுவில் ஒரு மொட்டைத் தரை. தினமும் விடிந்ததும் தலைவன் முறுக்கன் அங்கே பயிற்சி கொடுப்பான்.

"வலது பின்னங்காலை இழு! இடப்பக்கம் பாய்! பிடரியைக் கவ்வு!"

பாம்புகளை நடுங்க வைத்த முப்பாட்டன் இப்படித்தான் சண்டை போட்டாராம். அதனால் அதுதான் முறை. காலை இழுக்காமல் பாய்ந்தவர்களின் வாலிலிருந்து முறுக்கன் முடியைப் பிடுங்கிவிடுவான்!

செவலி என்ற பெண் கீரி அன்று ஆத்திரத்தோடு களத்துக்கு வந்திருந்தாள். முந்தின நாள்தான் அவளுடைய தம்பி துடியனைப் புற்றிலிருந்த நாகம் கொன்றிருந்தது. துடியன் காலை இழுத்தான். இடப்பக்கம் பாய்ந்தான். ஆனால் அவன் பாய்வதற்கு முன்பே நாகம் அந்தப் பக்கம் வாயைப் பிளந்து காத்திருந்தது. தூரத்திலிருந்து ஓடி வந்த செவலி அதைத் தன் கண்ணால் பார்த்தாள்.

முறுக்கன் எல்லோரையும் கூட்டி, "துடியன் காலைச் சரியா இழுக்கல. அதான் செத்தான். இனிமே நீங்க இன்னும் நல்லா இழுங்க!" என்றான்.

செத்தவன் எழுந்து வந்து சாட்சி சொல்லவா போகிறான்? செவலிக்கு உடம்பு முடியெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

"பொய்! அவன் இழுத்த தடம் இன்னும் மண்ணுல இருக்கு. போய்ப் பாருங்கண்ணே!"

"பார்க்க வேண்டியதில்ல. முறை தப்பாது. அவன்தான் தப்பாச் செஞ்சிருப்பான்!"

"காலை எதுக்கு இழுக்கணும்? அதைச் சொல்லுங்க!"

"முப்பாட்டன் இழுத்தாரு. நாமளும் இழுக்கிறோம். நீ அவரைவிடப் பெரிய ஆளா? களத்தை விட்டு வெளியே போ!"

மற்ற கீரிகள் மறுபடியும் காலை இழுத்துப் பழகத் தொடங்கின. "அடுத்து யாரு சாகப் போறீங்க?" என்று கத்திவிட்டுச் செவலி ஒரு பாறை மேல் போய் உட்கார்ந்தாள். ஆத்திரத்தில் பல்லைக் கடித்தாலும் அவள் கண் புற்றைவிட்டு நகரவில்லை.

அப்போது நாகம் வெளியே வந்தது! கீரிகள் சிதறி ஓடின. முறுக்கன் மட்டும் எதிரே நின்றான். அவன் மூடனே தவிர, கோழை அல்ல.

நாகம் படம் எடுத்துச் சிரித்தது. "இழு, இழு! தினமும் பார்த்துக்கிட்டுதானே இருக்கேன்! உங்க முப்பாட்டன் காலைக் கடிச்சு நொண்டியாக்கினது யார் தெரியுமா? எங்க பாட்டி! அந்த நொண்டலைத்தானே நீங்க வித்தைன்னு பழகுறீங்க!"

முறுக்கனுக்கு முகம் செத்துப்போனது. ஆனாலும் பழகிய கால் தானாக இழுத்தது. நாகம் அவன் பாயப்போகும் பக்கம் வாயைப் பிளந்தது.

அந்த நொடியில் செவலி பாறையிலிருந்து மறுபக்கமாகப் பாய்ந்தாள். காலை இழுக்கவில்லை. ஆனால் பிடரியைச் சரியாகக் கவ்வினாள். நாகத்தின் வால் அடங்கும்வரை பிடியை விடவில்லை. சிதறி ஓடிய கீரிகள் திரும்பி வந்து சுற்றி நின்றன.

"நீ... காலை இழுக்கவே இல்லையே!" என்று முறுக்கன் திணறினான்.

செவலி வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள். "பிடரியைக் கவ்வுறது வித்தை. அதை நான் விடல. நொண்டினது அவரோட காயம்! ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாம என் தம்பியைக் காவு கொடுத்தீங்க. அது போதாதுன்னு அவன் மேலயே பழியும் போட்டீங்க! எல்லாரும் இருக்காங்க. இப்பச் சொல்லுங்க, துடியன் சரியா இழுத்தானா இல்லையா?"

முறுக்கன் தலை குனிந்தான்.

"சரியாத்தான் இழுத்தான். அதனாலதான் செத்தான்."

அதைக் கேட்டும் செவலியின் கோபம் ஆறவில்லை. போன தம்பி திரும்பியா வருவான்?

காரணம் கேட்காமல் பழகும் வித்தை பகைவனுக்கே ஆயுதமாகும்.