மார்த்தாண்டனுக்கு மட்டும் விசில்

“என்னால முடியாது வாத்தியாரம்மா. இன்னையோட வேஷத்தைக் கழட்டி வச்சிடறேன்.”

நாடகக் கம்பெனியின் வாத்தியாரம்மா மரகதவல்லி நிமிரவே இல்லை. ஒட்டுமீசைக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

எதிரே நின்றவர் வீரபாகு. வருஷக்கணக்காகத் துப்பறியும் தர்மசீலன் வேஷம் கட்டுகிறவர். மேடையில் அவர் பிடிக்காத கள்ளன் கிடையாது. மேடையை விட்டு இறங்கினால் சதா புலம்பல்.

“இப்ப என்ன வந்துச்சு உனக்கு?”

“என்ன வரணும்? அந்த மார்த்தாண்டன் கொலைகாரன், கொள்ளைக்காரன். கடைசிக் காட்சியில துப்பாக்கியை நீட்டி அவனைப் பிடிக்கிறது நான். விசில் மட்டும் அவனுக்கு! இந்த ஜனங்களுக்குப் புத்தி இருக்கா?”

“கோபம் மார்த்தாண்டன் மேலயா, இஸ்ரவேல் மேலயா?”

மார்த்தாண்டனாக நடிப்பவர் இஸ்ரவேல். பெயரைக் கேட்டதுமே வீரபாகுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ரெண்டும் ஒண்ணுதான்! தர்மசீலன் பொய் சொல்ல மாட்டான், குடிக்க மாட்டான். அவனோ சோத்துல விஷம் வைக்கிறவன். நீங்களே சொல்லுங்க, யார் உசத்தி?”

“கடைசிக் காட்சியில மார்த்தாண்டன் என்ன பேசுவான்?”

“அது எதுக்கு இப்ப?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுய்யா.”

“‘தேடுவே’ன்னு முடிப்பான். உடனே நான், ‘நட, காவல் நிலையத்துக்கு’ன்னு...”

“அதுக்கு முன்னால?”

வீரபாகு தலையைச் சொறிந்தார்.

“என்னமோ பேசுவான். அப்ப நான் என் வசனத்தை நினைச்சுக்கிட்டு இருப்பேன்.”

மரகதவல்லி தலையில் அடித்துக்கொண்டார்.

“அட கடவுளே! துப்பறியறவன்யா நீ!”

மறுபடி மீசையை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். வேஷத்தைக் கழட்டு என்றும் சொல்லவில்லை, கழட்டாதே என்றும் சொல்லவில்லை. என்ன வாத்தியாரோ!

அன்றைக்கும் நாடகம் நடந்தது. கடைசிக் காட்சியில் வீரபாகு துப்பாக்கியை நீட்டினார். நாளைக்கு அந்தம்மா மறுபடி கேட்டால் ஒப்பித்துத் தொலைக்க வேண்டுமே என்ற எரிச்சலில் காதைக் கொடுத்தார்.

“பெத்த தாய் செத்ததுக்குக்கூட நீ ஊருக்குப் போகலை, தர்மசீலா,” என்றார் இஸ்ரவேல். “என் காலடியையே பார்த்துக்கிட்டு வந்தே. என்னைத் தூக்குல போட்டுட்டா, நாளைக்குக் காலையில எழுந்திரிச்சு நீ யாரைத் தேடுவே?”

சொல்லிவிட்டு வீரபாகுவின் முகத்தையே பார்த்தார். அட, தினமும் இப்படித்தான் பார்ப்பானா இந்த மனுஷன்?

வசனம் நாக்கு நுனியில் நின்றது. துப்பாக்கி தானாகத் தாழ்ந்தது. கொட்டகையில் கடலை விற்கிறவன்கூட வாயை மூடிக்கொண்டான்.

“தெரியலையே, மார்த்தாண்டா,” என்றார் வீரபாகு.

விசில் பறந்தது.

அவர் காதில் அது விழவில்லை. இஸ்ரவேல் என்ன சொல்லப்போகிறார் என்று காத்துக்கொண்டிருந்தார்.