முனையில் அணையும் வண்டி

சவரிமுத்து ஒரு காலைத் தேய்த்து நடப்பவர். பட்டறை வாசலில் அந்தச் சத்தம் கேட்டதும், தமயந்தி திரும்பிப் பார்க்காமலே, "வாங்கண்ணே" என்றாள்.

அவர் மேசைமேல் ஒரு பைக் சைலன்சரை வைத்தார். பளபளவென்று துடைத்திருந்தது. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

"இதை என் காருக்குப் பூட்ட முடியுங்களா டீச்சர்?"

தமயந்தி அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவள். தனித்தனிப் பாகங்களாக வாங்கிய காரைத் தாங்களே பூட்டிக்கொள்ள விரும்புகிறவர்களுக்குச் சொல்லித் தருபவள். சவரிமுத்துவின் கார் முடிந்துவிட்டது. சைலன்சர் மட்டும் பாக்கி.

"யாரோடது?"

"அமலனோடது."

அமலன் அவர் மகன். போன மழைக்காலத்தில் பைக்கில் போய்த் திரும்பாதவன்.

அவள் அவருடைய காரை ஸ்டார்ட் செய்தாள். பின்னால் போய், புகைக்குழாயின் வாயை ஈரச்சாக்கால் அழுத்தி மூடினாள். இன்ஜின் திணறி நின்றது.

"கார் விடுற மூச்சுக்கு இந்த பைக் சைலன்சர் பத்தாதுண்ணே. வெளிய போக முடியாத புகை உள்ளதான் திரும்பும்."

"ரொம்ப தூரம் ஓட்ட மாட்டனுங்க. அவன் அம்மா மேரிக்கு அந்தச் சத்தம் கேட்டாப் போதும். சாயங்காலமானா கேட்டைத் திறந்து வச்சுட்டு நிக்கிறா. எங்கிட்டப் பேசறதே இல்லை."

"கார்ல பூட்டினா கார் சத்தம்தான் வரும்."

"வரட்டுங்க."

அவள் ஒரு தகட்டை எடுத்தாள். அதைக் கூம்பாக வளைத்து, பெரிய குழாயையும் சின்னதையும் இணைத்துப் பற்றவைத்தாள். நசுங்கிய பக்கம் வெளியே தெரியட்டும் என்றார். அப்படியே வைத்தாள்.

மறுநாள் காலை அவர் நடந்து வந்தார்.

"கார் எங்கண்ணே?"

"வீட்டு வாசல்ல நிக்குது. நேத்து கேட்டு வரைக்கும் ஓட்டிட்டே போனேன். மேரி எட்டிப் பார்த்தா. 'அவன் தெருமுனையிலேயே அணைச்சுடுவானே'ன்னா."

"அப்படியா?"

"ஆமாங்க. பக்கத்து வீட்டுல கைக்குழந்தை. அதுக்காக முனையிலேயே அணைச்சு, சரிவுல உருட்டிட்டு வருவான். நான் மறந்தே போயிட்டேன். மறுபடி போய், முனையில அணைச்சு உருட்டிட்டு வந்தேன். கேட்டை முழுசாத் திறந்தா."

"நல்லதுதானே."

"என்னைப் பார்க்கலைங்க. எனக்குப் பின்னாடி பார்த்தா. 'தள்ளி நிறுத்துங்க, அவன் வரட்டும்'னா."

தமயந்தி ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் உட்காரவில்லை.

"சாவி என் கையில இருந்துச்சு டீச்சர். கார் அணைஞ்சு கிடக்குது. முனையில பைக் சத்தம். அப்புறம் அதுவும் நின்னுச்சு. நான் தள்ளி நிறுத்தினேன். மண்ணுல டயர் உருள்ற சத்தம் என்னைத் தாண்டி உள்ள போச்சு. கண்ணுக்கு ஒண்ணும் தெரியலை."

"அவங்க?"

"உள்ள தட்டு வைக்கிற சத்தம் கேட்டுச்சு. பேசினா. அவ குரல் மட்டுந்தான். சிரிச்சா டீச்சர். நான் கார்லயே உட்கார்ந்திருந்தேன், விடியற வரைக்கும்."

வெளியே ஒரு பைக் போயிற்று. இருவரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சைலன்சரைக் கழட்டிட்டா அவன் போயிடுவான். வச்சிருந்தா அவ எனக்கு இல்லை. நான் என்ன பண்ணட்டும்?"

"நீங்க கிளம்பும்போது கேட்டு சாத்தியிருந்துச்சா?"

"இல்லை. திறந்துதான் கிடந்துச்சு."

"ராத்திரி பூரா?"

"ராத்திரி பூராவும்."

"அவன்தான் அப்பவே உள்ள போயிட்டானே."

"அப்ப கேட்டு யாருக்குங்க?" என்றார் சவரிமுத்து.

தமயந்தி கையிலிருந்த ஸ்பேனரை மேசையில் வைத்தாள்.

"நடந்தே போங்கண்ணே. உங்க செருப்புச் சத்தம் அவங்களுக்குத் தெரியும்."